கட்சிகளும் கடனும்: நூலகத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மாவட்டக் கருவூலத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பட்டியல்களைப் பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். காலையில் மதுரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குப் பத்திரிகை படிக்கப் போவேன். நிதிநிலை அறிக்கை வருகிற வாரத்திலும் தேர்தல் நெருங்குகிற மாதத்திலும் அங்கே நான் நிம்மதியாகப் படித்ததே இல்லை. "சார், நீங்கள் கருவூலத்தில் இருந்தவர்தானே?" என்று யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஆள்தான் மாறும், சந்தேகம் அதேதான். அதனால் எழுதிவைத்துவிட்டேன். மாநிலத்தின் எண்கள், வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில், 2025-26 நிதிநிலை அறிக்கையின் மதிப்பீடுகள். எனக்குக் கட்சி அட்டை கிடையாது. என் வீட்டில் மூன்று கட்சிகள் இருக்கின்றன.

வருகிற வரிக்குள் குடும்பம் நடத்தினால் ஆகாதா? அரசாங்கம் எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்து யாரும் வீடு கட்டி முடிப்பதில்லை. கடன் வாங்கிக் கட்டி, அதில் குடியிருந்துகொண்டே அடைக்கிறோம். அணை, பாலம், மருத்துவமனை எல்லாம் அந்த வகை. நாற்பது ஆண்டுகள் நிற்கப்போகிற பாலத்துக்கு இந்த ஆண்டு வரி கட்டுகிறவர் மட்டும் முழுப்பணம் கொடுக்க வேண்டும் என்பது நியாயமில்லை. நகையை அடகு வைத்து அரிசி வாங்குகிற நிலைதான் கவலைக்குரியது.

எந்தக் கட்சியும் "கடனே வாங்க மாட்டோம்" என்று சொல்வதில்லை. எதற்கு வாங்குவது, யாரிடம் வரி வசூலிப்பது, யாருக்குச் செலவழிப்பது என்பதில்தான் தகராறு. இனி வருகிற பதில்கள் பலவும் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

பற்றாக்குறையும் கடனும் ஒன்றுதானே?

இல்லை. மளிகைக் கடைப் பற்று நோட்டில் இந்த மாதம் எழுதிய தொகை பற்றாக்குறை. பக்கத்தின் அடியில் நிற்கிற மொத்தப் பாக்கி கடன்.

பற்றாக்குறையிலும் இரண்டு உண்டு. 2025-26இல் தமிழ்நாட்டின் வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. இடையில் விழுகிற 41,635 கோடிதான் வருவாய்ப் பற்றாக்குறை. மேலே சொன்ன நகை அடகு இதுதான். கட்டுமானம் முதலான மூலதனச் செலவுகளையும் சேர்த்து, அந்த ஆண்டு மொத்தமாக எவ்வளவு துண்டு விழுகிறது என்பது நிதிப் பற்றாக்குறை. அது மாநில உற்பத்தி மதிப்பில், அதாவது ஓர் ஆண்டில் மாநிலத்தில் உண்டாகும் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பில், 3 சதவீதம். மேடையில் பேசுகிறவர் "பற்றாக்குறை" என்று மட்டும் சொன்னால், எந்தப் பற்றாக்குறை என்று கேளுங்கள். தமக்குச் சாதகமானதைத்தான் சொல்லியிருப்பார்.

இந்தப் பிரிப்பில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே சிம்மக்கல்லில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். அந்தப் பொங்கலும் உப்புமாவும் கணக்கில் வருவாய்ச் செலவு. நத்தம் சாலையின் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம், மத்திய அரசு கட்டியது, மூலதனச் செலவு. பசியில்லாமல் பாடம் கேட்ட பிள்ளை பின்னாளில் சம்பாதித்து வரி கட்டுவதை எந்தக் கணக்குத் தலைப்பிலும் நான் பார்த்ததில்லை.

என் குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் என்றார்களே, அதை நான் கட்ட வேண்டுமா?

வேண்டாம். 2021 ஆகஸ்ட் 9 அன்று, அப்போது மதுரை மத்தியத் தொகுதி உறுப்பினராகவும் நிதியமைச்சராகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்த எண் அது. 5.70 லட்சம் கோடிக் கடனை ஏறத்தாழ 2.16 கோடிக் குடும்பங்களால் வகுத்தால் வருவது. நாமக்கல்லில் ஒருவர் அந்தத் தொகைக்குக் காசோலை எழுதிக்கொண்டு அரசு அலுவலகத்துக்கே போய்விட்டார். வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. 2026 மார்ச் இறுதிக்கு மதிப்பிட்ட 9.29 லட்சம் கோடிக்கு இதே வகுத்தலைப் போட்டால் நான்கு லட்சத்தைத் தாண்டும். எதிர்க்கட்சியாகிவிட்ட அதிமுக அப்படித்தான் போட்டது.

அரசுக் கடன் என்றைக்கும் முழுதாக அடைவதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் மொய் நோட்டு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வந்த மொய்யைத் திருப்பிச் செய்துகொண்டே இருப்போம், புதிதாக வாங்கிக்கொண்டும் இருப்போம். நோட்டு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். கணக்கு முடிந்துவிட்டது என்றால் உறவு முறிந்துவிட்டது என்று பொருள். வருமானம் ஏறுகிற வேகத்தில் மொய் ஏறினால் தாங்கும், முந்திக்கொண்டால் நிலத்தை விற்க வேண்டிவரும். ஆகவே தலைக்கு எவ்வளவு என்பதைவிட, உற்பத்தி மதிப்பில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது நல்லது. 9.29 லட்சம் கோடி என்பது 26.07 சதவீதம்.

இவ்வளவு பணத்தை யாரிடம் வாங்குகிறார்கள்? உலக வங்கியிடமா?

பெரும்பகுதி உள்நாட்டில்தான். மாநிலம் வெளியிடும் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி ஏலம் விடுகிறது. வங்கிகளும் எல்ஐசியும் வருங்கால வைப்பு நிதிகளும் வாங்குகின்றன. உங்கள் பாலிசிப் பணம் சுற்றி வந்து தமிழ்நாட்டு அரசுக்கே கடனாகப் போயிருக்கலாம். அப்படியானால் கடனாளியும் நீங்கள்தான், கடன் கொடுத்தவரும் நீங்கள்தான்.

மாநிலம் தன் விருப்பத்துக்கு வாங்கிவிடவும் முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 293ஆம் பிரிவுப்படி, மத்திய அரசுக்குப் பாக்கி வைத்திருக்கிற மாநிலம் புதுக்கடனுக்கு அதன் ஒப்புதலைப் பெற வேண்டும். வெளிநாட்டில் நேரடியாகக் கடன் வாங்க அனுமதி இல்லை. ஜப்பான் கடன், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் எல்லாம் டெல்லி வழியாகத்தான் வரும். இந்த வரம்பை எதிர்த்துக் கேரளம் 2023இல் உச்ச நீதிமன்றம் போனது. 2024இல் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கடனை ஏற்றியது திமுகவா, அதிமுகவா?

இரண்டும். 2011இல் திமுக ஆட்சி முடியும்போது கடன் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. 2021இல் அதிமுக ஆட்சி முடியும்போது 4.85 லட்சம் கோடி. 2026 மார்ச்சுக்கு 9.29 லட்சம் கோடி. "பத்தாண்டில் நான்கு மடங்குக்கு மேல் ஏற்றியது நீங்கள்" என்று திமுக சொல்லலாம். "நாங்கள் பத்தாண்டில் வாங்கியதைவிட அதிகமாக நீங்கள் ஐந்தே ஆண்டில் வாங்கினீர்கள்" என்று அதிமுக சொல்லலாம். இரண்டும் கணக்குப்படி சரி. முதலாமவர் மடங்கைச் சொல்கிறார், இரண்டாமவர் ரூபாயைச் சொல்கிறார்.

4.85க்கும் 5.70க்கும் நடந்த சண்டையும் இந்த ரகம்தான். ஓ. பன்னீர்செல்வம் 2021 பிப்ரவரியில் வைத்த ஒரே இடைக்கால நிதிநிலை அறிக்கையில் இரண்டுமே இருந்தன. முதல் எண் அந்த மார்ச் இறுதிக்கு, இரண்டாவது அடுத்த மார்ச் இறுதிக்கு. எந்த எண்ணை எடுப்பது என்பதை எடுக்கிறவரின் கட்சி தீர்மானித்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2000களின் நடுவிலிருந்து 2012-13 வரை பெரும்பாலான ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வருவாய் உபரி இருந்தது, இரண்டு கட்சி ஆட்சியிலும். 2013-14 முதல் ஒவ்வோர் ஆண்டும் பற்றாக்குறை, அதுவும் இரண்டு கட்சி ஆட்சியிலும். 2020-21இல் 62,326 கோடி வரை போய், பிறகு இறங்கியும் ஏறியும் நிற்கிறது. ஏன் கவிழ்ந்தது என்று கேட்டால்: மாநிலத்தின் சொந்த வரி வசூல் உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை, மின்வாரிய நட்டம் பெருகியது, ஊதியக் குழுச் செலவு சேர்ந்தது. மின்வாரியக் கடன்களைச் சீரமைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017இல் சேர்ந்தபோது மின்வாரியத்தின் 22,815 கோடிக் கடனை அரசே தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

இலவசங்களைக் கொடுத்துத்தானே மாநிலம் கடனாளி ஆனது?

முந்தைய பதிலில் உள்ள ஆண்டுகளை இன்னொரு முறை பாருங்கள். 2006க்குப் பிறகுதான் திமுக வண்ணத் தொலைக்காட்சியும் இரண்டு ரூபாய் அரிசியும் கொடுத்தது. அரிசி பிறகு ஒரு ரூபாயானது. 2011இல் ஜெயலலிதா விலையில்லா அரிசியும் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் கொடுத்தார். உபரி இருந்த ஆண்டுகள் இவற்றில் பெரும்பகுதியோடு ஒட்டி வருகின்றன. ஆகவே "இலவசம், அதனால் கடன்" என்று ஒரே கோட்டில் இழுத்துவிட முடியாது.

செலவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தொலைக்காட்சி ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை நிற்காது: 2025-26இல் 13,807 கோடி. ஆனால் அதே ஆண்டு வட்டிக்கு மட்டும் போவது ஏறத்தாழ 70,000 கோடி, வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் 21 காசு. வட்டியைப் பற்றி யாரும் என்னிடம் நாற்காலி இழுத்துப் போட்டுக் கேட்டதில்லை.

சொல்லில் கட்சிகளுக்குள் வித்தியாசம் உண்டு. திமுக இதைச் "சமூக நீதி", "உரிமை" என்கிறது. அதிமுக "விலையில்லா" என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பிரதமர் மோடி 2022 ஜூலையில் "ரேவடி", அதாவது இனாமாக அள்ளி வீசுகிற மிட்டாய், என்று கண்டித்தார். அடுத்த ஆண்டே மத்தியப் பிரதேசத்தில் அவர் கட்சி அரசு பெண்களுக்கு மாதத் தொகையைத் தொடங்கியது. 2024இல் மகாராஷ்டிரக் கூட்டணி அரசு 1,500 ரூபாய் அறிவித்தது. நம் ஊரில் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று முதலில் பேசியது மக்கள் நீதி மய்யம். 2021 தேர்தலில் திமுக 1,000 என்றது, அதிமுக 1,500 என்றது.

சிக்கனமாக நடத்திய ஆட்சியே இல்லையா?

இருந்தது. 2001இல் வந்த ஜெயலலிதா அரசும் வெள்ளை அறிக்கையோடுதான் தொடங்கியது. பொன்னையன் நிதியமைச்சர். 2003இல் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டுகிற நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது, அதே ஆண்டு ஏப்ரல் முதல் சேர்ந்த ஊழியர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போனது, ஜூலை வேலைநிறுத்தத்தில் லட்சக்கணக்கான அரசு ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த வாரங்களில் நான் இருந்த அறையில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

2004 மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதே மே மாதம் உழவர்களுக்கான இலவச மின்சாரம் உட்படப் பலவும் திரும்பி வந்தன. இரண்டு கட்சிகளும் அன்றைக்குப் படித்த பாடத்தை இன்றுவரை மறக்கவில்லை. 2021இல் பழைய ஓய்வூதியத்தை மீட்பதாக வாக்களித்த திமுகவும் ஆட்சிக்கு வந்தபின் வெள்ளை அறிக்கையைக் காட்டி ஆண்டுக்கணக்கில் தள்ளிவைத்தது.

டெல்லியில் காங்கிரசுக்கும் பாஜகவுக்கும் என்ன வேறுபாடு?

கடன் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2003இல் நிறைவேற்றியது வாஜ்பாய் அரசு. 2004 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது மன்மோகன் சிங் அரசு. கொள்கை அளவில் அவ்வளவு நெருக்கம். நெருக்கடி வந்தால் இருவருமே அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். 2008இல் ப. சிதம்பரம் உழவர் கடன் தள்ளுபடி அறிவித்தார், உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. கொரோனா ஆண்டான 2020-21இல் மத்திய நிதிப் பற்றாக்குறை 9.2 சதவீதம், அது 2025-26க்கு 4.4 என்று இறக்கப்பட்டிருக்கிறது.

வேறுபாடு செலவின் திசையில். காங்கிரஸ் ஊரக வேலை உறுதி, உணவுப் பாதுகாப்பு என்று சட்டமாக்கித் தர விரும்பும். பாஜக சாலை, ரயில் போன்ற மூலதனச் செலவை முன்னிறுத்தும். 2025-26இல் அது 11.21 லட்சம் கோடி. 2019 செப்டம்பரில் நிறுவன வரியையும் குறைத்தது. அரசு சொன்ன இழப்பு 1.45 லட்சம் கோடி. ஆனால் 81 கோடிப் பேருக்கு இலவச தானியமும் உழவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயும் பாஜக கொடுப்பவைதான். கடன் அளவில் மேலே சொன்ன அதே மடங்குச் சண்டை: 2014இல் ஏறத்தாழ 58 லட்சம் கோடி, 2023இல் 155 லட்சம் கோடி; அந்த ரூபாயைச் சொல்கிறது காங்கிரஸ். உற்பத்தி மதிப்பில் 52இலிருந்து 57 சதவீதம், அவ்வளவுதான் என்கிறது பாஜக.

டெல்லி நம் பங்கைத் தராததால்தான் கடன் என்கிறார்களே?

திமுகவும் அதிமுகவும் ஒத்துப்போகிற அபூர்வமான விஷயம் இது. மாநிலங்களுக்குப் பிரிக்கிற மத்திய வரியில் தமிழ்நாட்டின் பங்கு, அதைப் பங்கிட அமைக்கப்படும் நிதிக்குழுக்களில் 13ஆம் குழுவில் 4.969 சதவீதம், 14ஆம் குழுவில் 4.023, 15ஆம் குழுவில் 4.079. நன்றாக ஆண்டதற்குத் தண்டனையா என்று இரண்டு கட்சிகளும் கேட்கின்றன. மாநிலங்களின் மொத்தப் பங்கே 32இலிருந்து 41 சதவீதத்துக்கு வந்துவிட்டது, ரூபாய் கணக்கில் முன்னைவிட அதிகம் தருகிறோம் என்பது பாஜகவின் பதில். அந்தப் பதிலில் செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வரிக்கு மேல் வசூலிப்பது), கூடுதல் வரி ஆகியவை வராது. அவற்றை டெல்லி பகிர வேண்டியதில்லை.

என் தீர்ப்பு: குறை உண்மையானது, ஆனால் கடன் முழுவதையும் அதன் மேல் சாத்த முடியாது. மின்வாரியத்தை டெல்லி நடத்தவில்லை.

கம்யூனிஸ்டுகள் மட்டும் கடன் பெரிய பிரச்சினை இல்லை என்கிறார்கள், அது எப்படி?

பற்றாக்குறைக்குச் சட்டத்தில் உச்சவரம்பு வைப்பதையே இடதுசாரிகள் ஏற்பதில்லை. வேலையில்லாத காலத்தில் அரசு செலவழித்தால்தான் கடைவீதியில் பணம் புரளும், வசதி படைத்தவர்களிடம் வரி வாங்கிச் செலவழியுங்கள் என்பது அவர்கள் வாதம். 2015இல் மத்திய அரசு கைவிட்ட செல்வ வரியை (வீட்டுக்குக் கட்டுகிற சொத்து வரி அல்ல) மீண்டும் கொண்டுவரக் கேட்கிறார்கள். வரவுப் பக்கத்தைப் பேசுகிறார்கள் என்பதற்காகவே நான் காது கொடுப்பேன். ஆனால் அவர்கள் ஆண்ட கேரளமே கடன் வரம்பில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த வரியைப் போடுகிற அதிகாரம் மாநிலத்திடம் இல்லை என்பது அவர்களுக்கு வசதியும்கூட, சிரமமும்கூட.

நிதியமைச்சர்கள் எல்லாரும் நம் பக்கத்துக்காரர்கள். மதுரைக்கு ஏன் ஒன்றும் வரவில்லை?

உண்மைதான். நிர்மலா சீதாராமன் பிறந்தது மதுரை. சிதம்பரம் கண்டனூர், பன்னீர்செல்வம் பெரியகுளம், தங்கம் தென்னரசு விருதுநகர் மாவட்டம், தியாகராஜன் இதே ஊர். நூறு கிலோமீட்டருக்குள் இத்தனை சாவிக்கொத்துகள். ஆனால் நிதியமைச்சர் சாவியை வைத்திருப்பவர். பெட்டியில் இருப்பது வேறு கதை.

தோப்பூர் எய்ம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல். மதிப்பீடு 1,264 கோடியிலிருந்து 1,977.8 கோடியானது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஜப்பான் கடன். ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் முடிந்தது, கட்டுமானம் 2024இல் தொடங்கியது. இடையில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். கடன் வாங்குவதால் செலவு கூடும் என்பார்கள். இங்கே கடன் தாமதமானதும் சேர்ந்து செலவு கூடியது.

திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ இன்னொன்று: 32 கிலோமீட்டர், 11,368 கோடி. 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது; 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் மதுரைக்கு 15 லட்சம்தான். பழிவாங்கல் என்றது திமுக, திட்ட அறிக்கையே சரியில்லை என்றது பாஜக. அடியில் இருக்கிற கேள்வி, கடன் யார் ஏட்டில் ஏறும் என்பது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 63,246 கோடியும் 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஏற்கும்வரை மாநிலத் திட்டமாகவே, மாநிலத்தின் தலையில் இருந்தது.

டாஸ்மாக்கை மூடிவிட்டால் கடன் இன்னும் ஏறுமா?

2024-25இல் அதன் மூலம் வந்தது 48,344 கோடி. அந்த ஓட்டையை அடைக்காமல் மூடினால், மேலே சொன்ன வருவாய்ப் பற்றாக்குறை இரண்டு மடங்கைத் தாண்டும். ஜெயலலிதா 500, எடப்பாடி பழனிசாமி 500, ஸ்டாலின் 500 என்று மூவரும் கடைகளை மூடினார்கள். வசூல் ஏறிக்கொண்டேதான் போனது. முழு மதுவிலக்கு கேட்கிற கட்சி எதுவானாலும், அதன் அறிக்கையில் 48,000 கோடிக்கு மாற்று வரி எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இலங்கை மாதிரி நாமும் திவாலாகிவிடுவோமா?

இலங்கை 2022 ஏப்ரலில் கைவிரித்தது வெளிநாட்டுக் கடனில்; டாலர் இல்லை. தமிழ்நாட்டின் கடன் பெரும்பாலும் ரூபாயில், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இருப்பது. அந்த மாதிரி விபத்து நடக்காது. நமக்கு வருவது மெல்ல வருகிற நோய்: வட்டி ஏற ஏற, காலிப் பணியிடம் நிரப்பப்படாது, பழைய பஸ் மாற்றப்படாது, ஒப்பந்ததாரரின் பட்டியல் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளப்படும். மார்ச் 31 இரவு கருவூலத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தத் தள்ளல் நன்றாகப் பழக்கம்.

தேர்தல் அறிக்கையைப் பார்த்தே, இது தாங்கும், இது தாங்காது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெருக்கத் தெரிந்தால் போதும். மாதம் 1,000, பன்னிரண்டு மாதம், 1.15 கோடிப் பெண்கள்: 13,800 கோடி. 2021இல் அதிமுக சொன்ன 1,500ஐ இரண்டு கோடி ரேஷன் அட்டைகளுக்கும் கொடுத்திருந்தால் 36,000 கோடி. அந்தத் தேர்தலில் திமுகவும் எல்லாக் குடும்பத் தலைவிக்கும் என்றுதான் பேசியது. பிறகு வருமானம், நிலம், மின்பயன்பாடு என்று வரம்புகள் வந்தன. "அனைவருக்கும்" என்று படித்ததும் "தகுதியுள்ள" என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது என் வழக்கம்.

தமிழ்நாட்டு இலவசங்களை எதிர்த்த வழக்கில், அறிக்கையில் வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சொன்னது. நெறிமுறை வகுக்கத் தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அதன்படி, வாக்குறுதிக்கான பணம் எந்த வழியில் வரும் என்பதைக் கட்சிகள் பொதுவாகக் குறிப்பிட வேண்டும். ஆகவே நான் அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுவேன். "நிர்வாகச் சீர்திருத்தம் மூலம்", "கசிவுகளைத் தடுத்து" என்று இருந்தால் மூடிவிடுவேன். எந்தக் கட்டணத்தை, எந்த வரியை, யாருக்கு, எவ்வளவு ஏற்றுவோம் என்று எழுதியிருந்தால் முதல் பக்கத்திலிருந்து படிப்பேன். இதுவரை எதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க நேரவில்லை.